அண்ணனுக்கு ஒரு மாத விடுப்பு

என் அண்ணன் பித்தளை வேலைக்காரன். வாயில்லாப் பூச்சி, குறும்பெல்லாம் கையில்தான். அவன் செய்யும் பொம்மைக்குச் சாவியும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. பக்கத்திலிருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே ஒரு கோணல் தகடு சுழலும். அதன் மேடு பள்ளத்துக்குத் தக்கபடி மேலே பொம்மை ஆடும். தகட்டின் விளிம்பை அரத்தால் ராவி எடுப்பதில்தான் அதன் உயிரே இருக்கிறது.

எனக்குக் கல்யாணமான புதிதில், என் வீட்டுக்காரரின் கடைக்கு விளையாட்டாக ஒரு வாத்து செய்து கொடுத்தான். சுற்றினால் வெடுக் வெடுக்கென்று இரண்டு தடவை தலையாட்டும். கொஞ்சம் யோசித்து, மூன்றாவது தடவையும் ஆட்டும். கடைக்கு வந்தவர்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அன்று பிடித்தது சனி. பதினோரு வருஷமாக வாத்து, வாத்து, வாத்து.

வேறு ஏதாவது செய்யட்டுமா என்று கேட்க அவனுக்கு வாய் வராது. கேட்க வேண்டியது தங்கை புருஷனிடம் ஆயிற்றே! தன்னால் எனக்கு வீட்டில் ஒரு சுடுசொல் வந்துவிடுமோ என்று பயம். என்னைக் காட்டியே அவனைக் கட்டிப் போட்டிருக்கிறோம் என்பது எனக்கு விளங்கவே இத்தனை வருஷம் ஆனது. விளங்கிய அன்று வீடு ரெண்டுபட்டது.

"ஒரு மாசம் எங்கண்ணன் வாத்து செய்ய மாட்டான். மனசுல இருக்கிறதைச் செய்யட்டும்" என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

"செய்யட்டுமே, அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துற?" என்றார் இவர்.

அண்ணன் மனதில் இருந்தது ஒரு பித்தளை ஆள். மேசைமேல் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பான். சுற்றச் சுற்ற மெல்ல நிமிர்ந்து ஜன்னல் பக்கம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

மாதக் கடைசியில் பட்டறைக்குப் போனேன்.

"நீயே சுத்திப் பாரு" என்றான்.

சுற்றினேன். அந்த ஆள் வெடுக் வெடுக்கென்று இரண்டு தடவை தலையாட்டினான். கொஞ்சம் யோசித்தான். மூன்றாவது தடவையும் ஆட்டினான்.

"நாலு தகடு ராவிட்டேன்மா. கோடு போட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். பாதிக்கு மேல கை அது பாட்டுக்கு வாத்துக்குப் போயிடுது."

"விடுண்ணே. சண்டை போட்டு இன்னும் ரெண்டு மாசம் வாங்கித் தர்றேன்."

"மாப்பிள்ளைகிட்ட நீ வாங்கிடுவ. இந்தக் கைகிட்ட யாரும்மா வாங்குறது?"

என்னைத் தேற்றுவதற்காகச் சிரித்தான். அவன் ஒரு புதுத் தகட்டை எடுத்து, கோடு போடாமலே ராவ ஆரம்பித்தான். பொழுது சாய்வதற்குள் மூன்று வாத்துக்குத் தகடு தயாராயிற்று. மூன்றும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தன.