குனிந்து போட்ட சிலுவை

பாலக்கோட்டில் தக்காளிக் கூடை தூக்கும்போதெல்லாம் நழுவிய என் வலது தோளை, எண்பதுகளின் நடுவில் சேலத்தில் ஆபரேஷன் செய்து சரிசெய்தார்கள். அதன்பின் பல மாதம் கை நெஞ்சுக்கு மேல் எழவில்லை. மாதா கோயிலில் சிலுவை அடையாளம் போட, தலையைக் குனிந்து நெற்றியைக் கைக்குக் கொண்டுபோனேன்.

“ஆபரேஷனுக்கப்புறம் உங்க வூட்டுக்காரருக்கு பக்தி வந்துடுச்சுங்க” என்று பெண்கள் சொன்னதில் என் மனைவிக்குப் பெருமை. எனக்கு எரிச்சல்தான், ஆனாலும் மறுக்கவில்லை.

தினமும் சுவரில் விரல்களை மேலே நகர்த்திப் பழகினேன். ஒரு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கை வலியில்லாமல் நெற்றியைத் தொட்டது. தலை நிமிர்ந்து சிலுவை போட்டேன்.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: “ஏங்க இன்னிக்கு அப்படி வெறப்பா நின்னீங்க? எல்லாரும் பாத்தாங்க.”

இப்போது கை பரண்வரை எட்டுகிறது. கோயிலில் மட்டும் இன்னும் குனிந்துதான் போடுகிறேன்.