மூன்றாவது புள்ளி

வேன் ஸ்டாண்டில் அவருக்கு வைத்த பெயர் நிதானம். ஒரு திருகாணியை முடுக்க நான்கு முறை யோசிக்கிற மனுஷனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? பதினாறு வருடமாக ஒரே சரக்கு வேன். அதை எந்த மெக்கானிக்கையும் தொட விடமாட்டார். கழற்றுகிற ஒவ்வொரு சாமானிலும் மறைவான இடமாகப் பார்த்து, கூர் உளியால் ஒரு புள்ளி குத்துவார். மறுபடி கழற்றினால் இரண்டாவது புள்ளி. "என்ன மாமா, கையெழுத்துப் போட்டாச்சா?" என்று மச்சான் கேலி செய்வான். மச்சான், மனைவியின் தம்பி. அவனிடமும் அதே மாதிரி வேன்தான். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறான்.

இரண்டு மாதமாக நிதானத்துக்குத் தலைவலி. வேனில் ஏறினால் மண்டையைப் பிளக்கும், இறங்கினால் குறையும். மனைவி முகம் கோணாமல் மாத்திரையும் தண்ணீரும் நீட்டுவாள். வண்டிக்குள் புகை நாறுவது அவருக்கு உறைக்க இத்தனை நாளாயிற்று. என்ஜின் புகையை வாங்கி சைலன்சருக்கு அனுப்பும் இரும்புக் குழாய், அதாவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, சூட்டில் வளைந்து என்ஜினோடு ஒட்டாமல் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றி வராந்தாவுக்குக் கொண்டுவந்தவர், அலமாரிக் கண்ணாடியைக் கேட்டார்.

"அது எதுக்குங்க? கடையில குடுத்தா மெஷின்ல போட்டுத் தரமாட்டாங்களா?" என்றாள் மனைவி.

"இந்த வீட்டுல இதைவிடச் சமமா வேற என்ன இருக்கு, சொல்லு."

கண்ணாடியைத் தரையில் கிடத்தி, மேலே உப்புத்தாளை டேப் போட்டு ஒட்டினார். மேனிஃபோல்டின் முகத்தில் நீல மார்க்கரால் கோடுகள் இழுத்து, கவிழ்த்து வைத்து, எட்டு போடுவதுபோல் தேய்த்தார். மேட்டில் நீலம் அழிந்தது, பள்ளத்தில் நின்றது. மறுபடி கோடு, மறுபடி தேய்ப்பு. முதுகு விட்டுப்போயிற்று. மத்தியானம் கடைசி நீலமும் போன பிறகு இரும்பு ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். இம்மி இடைவெளி இல்லை. "இனிமே தலைவலிக்கு வேலை இல்ல" என்று வாய்விட்டே சொன்னார்.

மூன்றாவது புள்ளி குத்துவதுதான் பாக்கி. குழாயின் வளைவில் படிந்திருந்த கரியை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார். பழைய இரண்டு புள்ளிகளைக் காணோம். கம்பி பிரஷ் போட்டார். அப்போதும் காணோம்.

இது அவருடைய சாமானே இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன் அவர் காய்ச்சலில் கிடந்த ஒரு வாரம் மட்டும் வண்டி மச்சானிடம் இருந்தது. "சும்மாதானே நிக்குது மாமா, ஆயில் மாத்தி வைக்கிறேன்" என்று சாவி வாங்கிப் போனான்.

"உன் தம்பி பண்ணின காரியத்தப் பாத்தியா?" நிதானம் மேனிஃபோல்டைத் தூக்கிக் காட்டினார். "அவனோட கோணல் சாமானை என் வண்டில மாட்டிட்டு, என்னோடதக் கழட்டிட்டுப் போயிருக்கான். கூடவே உக்காந்து சாப்பிட்டானே, படுபாவி!"

அவள் குனிந்து, கண்ணாடியில் ஒட்டியிருந்த டேப்பை உரிக்க ஆரம்பித்தாள்.

"ரெண்டு பிள்ளைங்க வண்டியிலேயே வாந்தி எடுத்துடுச்சு. ஸ்கூல்ல நிறுத்திடுவாங்கன்னு அழுதான். நீங்க ஒத்த ஆளு, ஜன்னலைத் திறந்துவிட்டு ஓட்டிக்குவீங்கன்னு நான்தான்..."

தம்பி செய்ததை அவர் எப்படியாவது தாங்கியிருப்பார். கேட்டிருந்தால் அவரே கழற்றி மாட்டிவிட்டிருப்பார். இது நெஞ்சை அறுத்தது.

"அப்ப அந்த மாத்திரை?"

அவள் நிமிரவில்லை.

"வலிக்குதுன்னு சொன்னீங்களே" என்றாள்.