வெளியே போட்ட பூட்டு

அப்பாவுக்கு ஞாபகம் தவறிக்கொண்டிருந்தது. காலையில் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுச் சங்கு ஊதியதும், ஓய்வு பெற்றதை மறந்து மலைக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஒருநாள் தண்ணீர் ஓடும் கானுக்குள் வழுக்கி விழுந்தார். அதற்குப் பிறகு லயத்து வரிசை வீட்டில், எங்கள் காம்பரா அறைக்குள் அவரை விட்டு, வெளியே பூட்டிவிட்டுத்தான் கொழுந்தெடுக்கப் போவேன்.

அன்று மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பிரதேச செயலகத்திலிருந்து ஓர் அம்மா வந்து, முதியோருக்கான சட்டத்தைப் பற்றிப் பேசினார்.

"அடிக்கிறது மட்டும் கொடுமை இல்லைங்க. வீட்டுல போட்டுப் பூட்டுறதும் கொடுமைதான். அக்கம்பக்கத்து ஆளுங்களே எங்ககிட்ட முறைப்பாடு செய்யலாம்."

எல்லோரோடும் சேர்ந்து நானும் தலையாட்டினேன். சாவி என் இடுப்பில் இருந்தது. பக்கத்துக் காம்பரா அக்கா என்னைப் பார்க்காமல் கூடைக்குள் குனிந்துகொண்டாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அப்பா கதவைத் தட்டுவது அவளுக்குத் தினமும் கேட்டிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

லயத்துக்கு ஓடினேன். பூட்டைத் திறந்ததும், சட்டையை மாட்டிக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்த அப்பா பதறிப் பின்னால் நகர்ந்தார்.

"நான் தட்டலம்மா. சத்தமே போடல."

அவர் விழுந்துவிடக் கூடாது என்றுதான் பூட்டினேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால், தட்டினால் சோறு கிடையாது என்று காலையில் சொல்லிவிட்டுப் போனதும் நான்தான்.