அம்மாவின் தலைமாட்டுச் செடி

இலங்கையில் ஹட்டன் பக்கம் நாங்கள் கூலி வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில் இப்போது ஒரு சுற்றுலா விடுதி இருக்கிறது. நான் அங்கே அறை கூட்டுகிறேன். வருகிறவர்களுக்கு வழிகாட்டி முதலில் தேயிலையின் வரலாற்றைச் சொல்வார். பிறகு குரலைத் தாழ்த்தி, பனிமூட்டத்தில் நடமாடும் வெள்ளைக்காரத் துரைசானியின் ஆவியைப் பற்றிச் சொல்வார். இந்த மலையில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். ஆவியாகிற தகுதி மட்டும் துரைசானிக்குத்தான். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விடுதி நிற்கிற இடம் எங்கள் பழைய மயானம். கல் வைக்க வழியில்லாததால் தலைமாட்டில் ஒரு குரோட்டன் செடி நடுவோம். அம்மா இறந்தபோது, நாற்றுமேடையில் வேலை செய்த அப்பா ஒரு தேயிலைக் கன்றைக் கொண்டுவந்து நட்டார். பெரியப்பா தடுத்துப் பார்த்தார்.

"குரோட்டன் நெலைக்காதுண்ணே. தோட்டத்துல எத வேணும்னாலும் புடுங்குவாங்க, தேயிலையில கை வைக்கமாட்டாங்க" என்றார் அப்பா.

அவர் சொன்னபடியே நடந்தது. கொஞ்ச காலத்தில் நிர்வாகம் மயானத்தை ஆற்றோரத்துக்கு மாற்றிவிட்டு இந்தச் சரிவிலும் தேயிலை போட்டது. குரோட்டன்களைப் பிடுங்கினார்கள், அம்மாவின் செடியை விட்டுவிட்டார்கள். சுற்றிலும் புதுக் கன்றுகள் வளர்ந்தன. கவ்வாத்து வெட்டிவெட்டி எல்லாம் ஒரே உயரமாகிவிட்டன. அதிலும் நான் கொழுந்து பறித்திருப்பேன், அது என்று தெரியாமலே.

விடுதி கட்டப்போவது தெரிந்ததும், அம்மாவை எடுத்து ஆற்றோரத்தில் புதைக்க வேண்டும் என்று அப்பா மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கிடம் போய் நின்றார்.

"எந்தச் செடின்னு காட்டுங்க, தோண்டி எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் அவர். நல்ல மனுஷன்தான்.

அப்பா செடி செடியாகக் குனிந்து, இலையை விலக்கித் தண்டைத் தடவிப் பார்த்தார். கடைசியில் ஒன்றைக் காட்டினார். தோண்டினோம். வேர்தான் இருந்தது. அடுத்ததிலும் வேர்தான். "இதுதான், இதுதான்" என்று அவர் அழுதுகொண்டே கைகாட்டிய இடமெல்லாம் தோண்டினோம். கீழேயிருந்து இயந்திரம் ஏறி வந்தபோது கண்டாக்கு அவரைத் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். தேயிலை முழுவதையும் அன்றைக்கே பிடுங்கிவிட்டார்கள்.

அப்பாவும் போய்விட்டார். இந்தக் குளிரில் வெறுங்காலோடு வேலை செய்யாதே என்று விடுதி மேற்பார்வையாளர் என்னைத் திட்டுகிறார். அம்மா எந்த அறைக்குக் கீழே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அதனால் எல்லா அறைக்கும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகிறேன்.