முதல் ஐந்து மில்லி ரத்தம்

இந்த ஊரில் நோயாளியின் ரத்தத்தைக் குப்பையில் போட்டால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. அயர்லாந்துக்கு வந்து மூன்று வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. கழுத்து வழியாக இதயத்துக்கு அருகில் வரை செருகிய குழாயைச் சென்ட்ரல் லைன் என்போம். அதில் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது முதல் ஐந்து மில்லியைத் தனி சிரிஞ்சில் இழுத்து எறிய வேண்டும். அதில் உப்புநீரும் மருந்தும் கலந்திருக்கும், முடிவு பொய்யாகிவிடும். போன மாதம் எறியும்போது என்னை அறியாமல் "சாரி" என்றேன். படுக்கையிலிருந்த கிழவர் பயந்து மணியை அடித்துவிட்டார். வார்டு மேனேஜர் ஓடிவந்து, என்ன தவறு செய்தாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். நம்பவில்லை. அடுத்த நோயாளிக்கு எடுக்கும்போது பக்கத்திலேயே நின்றார். குழாயின் முனையைப் பதினைந்து நொடி ஸ்பிரிட்டால் தேய்த்தேன், காயவிட்டேன், இழுத்தேன், எறிந்தேன், வேண்டியதை எடுத்துக்கொண்டு உப்புநீரை விட்டு விட்டு அழுத்திக் குழாயைக் கழுவினேன். "பெர்ஃபெக்ட்" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் தவறு செய்தது இங்கே இல்லை.

விழுப்புரத்தில், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். திண்டிவனம் பக்கம் பெருமுக்கல்லில் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களையெடுக்கப் போகிறவள் அஞ்சலை. அவள் மகள் சுகன்யாவுக்கு ரத்தப் புற்றுநோய், பத்தொன்பது வயது. ரத்தம் ஏற்ற வேண்டுமென்றால் ரத்தம் கொடுக்க ஆள் கூட்டி வா என்பார்கள். அஞ்சலை திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் ஆள் கூட்டி வருவாள். ஒருநாள் அவள் கண் முன்னால் நான் சுகன்யாவின் லைனிலிருந்து இழுத்த அந்த ஐந்து மில்லியைத் தட்டில் ஒதுக்கி வைத்தேன்.

"இன்னா சிஸ்டரு, அத எங்க எடுத்துக்கினு போறே?"

"கழிவு அக்கா. கொட்டிடணும்."

"பங்காளிங்க கையக் காலப் புடிச்சி இட்டுக்கினு வர்றேன். நீ நோவாம கழிவுன்றே. உங்க ஊட்டு ரத்தம்னா கொட்டுவியா?"

ஆள் கூட்டி வரச் சொன்ன ஒருவரும் அவளுக்கு இதை விளக்கியதில்லை. நானும்தான். பக்கத்துப் படுக்கைக்காரர்களும் சேர்ந்துகொண்டு கத்தினார்கள். சிரிஞ்ச் மூடியில்லாமல் தட்டிலேயே கிடந்தது. சீனியர் சிஸ்டர் எட்டிப் பார்த்து, "ஜல்தியா அதையே திருப்பி ஏத்திட்டு வா, பேஜாரு பண்ணாத" என்றாள். ஏற்றினேன். அஞ்சலை கும்பிட்டாள்.

அரை மணி நேரத்தில் கட்டில் ஆடும்படி சுகன்யாவுக்குக் குளிர் நடுக்கம். ரத்தத்தில் கிருமி. லைனைப் பிடுங்கினார்கள். பிழைப்பாளா என்று பத்து நாள் வரை தெரியவில்லை. பிழைத்தாள்.

"நீ ரத்தத்தத் திருப்பிக் குடுத்தியே, அதான் புள்ள தாங்குச்சி" என்றாள் அஞ்சலை. அவளை அப்படியே நம்பவிட்டேன். விசா வந்தது, கிளம்பிவிட்டேன்.

இதைப் படிக்கிற நர்ஸ் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். யார் அழுதாலும் அதைத் திருப்பி ஏற்றாதீர்கள்.

மேனேஜர் பாராட்டிய அன்றே அஞ்சலைக்கு போன் போட்டேன்.

"அந்த ரத்தத்தாலதாங்கா காய்ச்சல் வந்துச்சு."



"நான் சண்ட போட்டதாலயா?"

"நீங்க படிக்கலக்கா. நான் படிச்சிட்டு ஏத்துனேன்."

பின்னால் சுகன்யா யாரையோ திட்டிக்கொண்டிருந்தது கேட்டது.

"வெள்ளிக்கு வெள்ளி மலக் கோயிலுக்கு ஏறி உம் பேர்ல வெளக்கு போட்டுக்கினு வர்றேன்" என்றாள் அஞ்சலை. "இனிமே போடட்டா, வாணாமா? நீயே சொல்லு."

இந்த வார்டில் என் பேர் ஒருவர் வாயிலும் ஒழுங்காக நுழையாது. பெருமுக்கல் மலைமேல் ஒரு பொம்பளை அதைச் சரியாகச் சொல்லி விளக்கேற்றுகிறாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. போடு என்று சொல்லவும் வரவில்லை. போனைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவளும் வைக்கவில்லை.