நடு அறையில் மிதிக்க வேண்டாம்

எஞ்சினை நிறுத்தியதும் தோணி தன்போக்கில் மணலை நோக்கி வழுக்கியது. கரைக்கு இன்னும் பத்துப் பாகத் தூரம் இருக்கும்போதே அருமைநாயகம் கண்டுவிட்டார். கரையிலிருந்த சீமெந்துத் தரைக்கு மேலே மணல் குவிந்து கிடந்தது. நேற்றுப் பின்நேரம் அது இல்லை. துடுப்பை ஊன்றித் தோணியைப் பின்னுக்குத் தள்ளப் பார்த்தார்.

"இறங்க வேணாம். இண்டைக்கு இது இல்ல. வெளிச்சவீட்டுக்குப் போவம்."

கொழும்பிலிருந்து வந்த எட்டுப் பேர். கூட்டிவந்தவன் ஏறாவூர் றமீஸ். வேன் அவனுடையது, தோணி இவருடையது. முன்னால் இருந்த கமராக்காரர் காற்சட்டையை மடித்துக்கொண்டு அதற்குள் முழங்கால் தண்ணீரில் குதித்துவிட்டார். தொல்பொருள் ஆட்கள் தோண்டத் தொடங்கிவிட்டார்கள் போலிருக்கிறது, நல்ல நாளில்தான் வந்திருக்கிறோம் என்று மற்றவர்களைக் கையசைத்துக் கூப்பிட்டார். எல்லோரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

அருமைநாயகம் கயிற்றைக் கட்டவில்லை. அவர்களைத் தாண்டி ஓடினார்.

நடு அறையின் சீமெந்தை நாலு துண்டாக உடைத்துப் புரட்டிப் போட்டிருந்தார்கள். இடுப்பளவு குழி. குவியலின் மேல் கறுத்துப்போன துணி. துணிக்குள்ளும் வெளியிலும் சின்ன எலும்புகள். கோழி எலும்பு என்று நினைத்தாளோ என்னவோ, வந்தவர்களில் ஒரு பெண் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். பிறகு மண்டையோட்டைக் கண்டாள். பின்பக்கமாகவே நடந்து போய்த் தண்ணீருக்குள் நின்றாள்.

அருமைநாயகம் தான் போட்டிருந்த சேட்டைக் கழற்றி எல்லாவற்றையும் மூடினார். அதன் பக்கத்தில் முழங்காலில் இருந்தார்.

தொட வேண்டாம், பொலிசுக்குச் சொல்ல வேண்டும் என்றான் றமீஸ்.

"இது என்ட வீடு" என்றார் அருமைநாயகம்.

யாருக்கும் விளங்கவில்லை. பத்து நிமிடத்துக்கு முன் தோணியில் வைத்து, முன்னூறு வருசத்துக்கு முந்திய ஒல்லாந்தர் மாளிகை என்று அவர்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த மணலில்தான் அவர் பிறந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் நின்று ஒருவரைக் கூப்பிட்டால் இரண்டு கரையிலும் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான் அகலம். தாழைமுனை என்று பெயர். முப்பத்தொன்பது வீடு. சோளகம் வீசும் மாதங்களில் கடல், வாடை தொடங்கினால் வாவியில் இறால். கலியாணம் கட்டி ஏழு வருசம் பிள்ளை இல்லை. மகள் விதுர்ஷா பிறந்த வருசம் ஓலைவீட்டைப் பிரித்துவிட்டுக் கல்வீடு கட்டினார். வாசற்படியின் ஈரச் சீமெந்தில் மேசன் ஆணியால் 1998 என்று கீறிவிட்டுப் போனான். தாழைமுனையில் வருசம் போட்ட வீடு அது ஒன்றுதான்.

ஆறு வருசம் அந்த வீட்டில் இருந்தார்கள்.

கடல் ஊருக்குள் ஏறிய அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வாவிக்கு அப்பால் சந்தையில் இறால் விற்றுக்கொண்டிருந்தார். மனைவி மங்கையற்கரசியைக் கால் முறிந்த நிலையில் யாரோ தாழம்புதருக்குள்ளிருந்து இழுத்தெடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பிள்ளையைத் தேடிக்கொண்டு மூன்றாம் நாள்தான் இன்னொருவருடைய தோணியில் இந்தப் பக்கம் வர முடிந்தது. கூரையும் சுவரும் இல்லை. தரை மட்டும் கிடந்தது, அதுவும் நடு அறையில் வெடித்து உள்ளிறங்கி. கிணற்றடியில் குசினிக் கதவு கவிழ்ந்து கிடந்தது. தூக்கினார். பிள்ளை அதற்குக் கீழே இருந்தாள்.

வரும்போது தெருவில் உழவு இயந்திரப் பெட்டியைக் கண்டிருந்தார். அதில் ஏற்றியிருந்த உடல்களையும், எல்லோருக்கும் பொதுவாக வெட்டிய கிடங்குக்குப் பக்கத்தில் அவற்றை இறக்கிய விதத்தையும் கண்டிருந்தார். அங்கே கொடுக்க அவரால் முடியாது. தாழையில் மங்கையற்கரசியின் பச்சைச் சீலை ஒன்று சுற்றிக்கொண்டு கிடந்தது. அதை எடுத்துச் சுற்றினார். நடு அறையில் வெடித்த தரைத் துண்டுகளை விலக்கி, உடைந்த சட்டியால் மணலை அள்ளி ஆழமாக்கினார். காதில் தோடு இரண்டும் கிடந்தன. கழற்ற மனம் வரவில்லை. மூடி, துண்டுகளைத் திரும்ப மேலே வைத்தார். கூட வந்த தோணிக்காரர் தன்னுடைய ஆட்களைத் தேடிப் போயிருந்தார். யாரும் பார்க்கவில்லை.

பின்நேரம் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"கிடைச்சாளா?"

"இல்ல."

கால் பொருந்தட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்துத்தான் சொன்னார். அடுத்த நாள் போனபோது பக்கத்துக் கட்டில்காரி ஒரு கதை சொல்லியிருந்தாள். தண்ணீர் வடிந்த பிறகு யாரோ ஒரு லொறியில் சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார்களாம், உயிரோடு. மங்கையற்கரசி எழுந்து உட்கார்ந்து சோறு தின்றாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் தின்ற முதல் சோறு அது. அவர் கட்டிலடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

அவள் கால் ஊன்றத் தொடங்கியதும் தேடப் புறப்பட்டாள். அவரும் போனார். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையால் ஆட்களின் கையைப் பிடித்துக் கேட்பாள். பிள்ளையின் படத்தைப் பிடிக்க அவளுக்குக் கை இல்லை. படத்தை அவர் பிடிப்பார். வாழைச்சேனை முகாம்கள், பனிச்சங்கேணிக்கு அங்கால் சோதனைச்சாவடி தாண்டி ஒரு பிள்ளைகள் இல்லம், பிறகு எங்கே சொன்னாலும் அங்கே. காணாமற்போனவர் பதிவில் கையெழுத்து வைத்ததும் அவர்தான். சண்டை முடிந்தபோது வவுனியா முகாம்களுக்கும் போனார்கள். முட்கம்பிக்கு வெளியே நின்று, பதினொரு வயது மதிக்கக்கூடிய ஒவ்வொரு பெண்பிள்ளையின் முகத்தையும் அவள் பார்த்தாள். இரண்டு நாள் பார்த்தாள். அவர் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தாழைமுனையில் திரும்பக் கட்ட விடவில்லை. உள்ளே ஒரு வீட்டுத்திட்டத்தில் இடம் கொடுத்தார்கள். மங்கையற்கரசி அதன்பிறகு கடற்கரைக்கு வரவே மாட்டேன் என்றாள். அது அவருக்கு வசதியாகிவிட்டது. ஒருநாள் தனியாக ஒரு பை சீமெந்தைத் தோணியில் ஏற்றி வந்து நடு அறையைப் பூசி மட்டப்படுத்தினார்.

பாதை திறந்த பிறகு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். இருபது, முப்பது வருசம் பார்க்காத நாடு. கோட்டையைப் பார்த்தார்கள், பீரங்கியில் ஏறி இருந்து படம் பிடித்தார்கள், கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுமா என்று தண்ணீரில் துடுப்பை வைத்துக் காதைக் கொடுத்தார்கள், வெளிச்சவீட்டுக்குப் போனார்கள். றமீஸ் வேனில் கொண்டுவருவான், அருமைநாயகம் வாவியில் சுற்றிக் காட்டுவார். மீன்பிடியை விட அது சுகமாக இருந்தது.

தாழைமுனை அந்தச் சுற்றில் இல்லை. நிழலுக்காக ஒருநாள் ஒரு கூட்டம் அங்கே இறங்கியது. அவர் தோணியைக் கட்டிவிட்டு வருவதற்குள் நடு அறையில் பாய் விரித்துச் சோற்றுப் பார்சலைப் பிரித்துவிட்டார்கள். ஒரு அம்மா வாயில் சோற்றோடு, சுனாமி வீடா, எத்தனை பேர் செத்தது என்று கேட்டார். எல்லாக் கூட்டமும் அதைத்தான் கேட்கும். மீன் என்ன விலை என்று கேட்பதுபோலக் கேட்கும்.

"இல்லம்மா. இது ஒல்லாந்தர் கட்டினது" என்றார். வாயில் அதுதான் வந்தது.

உடனே எழுந்தார்கள். சிந்திய சோற்றைப் பொறுக்கினார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு தரைக்கு வெளியே போய் நின்று படம் பிடித்தார்கள். அருமைநாயகம் அதைப் பார்த்துத் திகைத்துப் போனார். ஒரு வார்த்தை, பிள்ளையின் மேலிருந்து ஆட்கள் எழும்பிவிட்டார்கள். அடுத்த வாரம் வந்த கூட்டம் ஒல்லாந்தர் வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டே தோணியில் ஏறியது.

வாசற்படியில் இருந்த 1998 இடைஞ்சலாக இருந்தது. உளியும் சுத்தியலும் கொண்டுவந்து கொத்தி எடுத்தார். கடைசி எட்டைக் கொத்தும்போது கை நின்றது. பிறகு கொத்தினார்.

றமீசுக்கு எல்லாம் விளையாட்டு. "உங்கட ஒல்லாந்தர் கம்பியும் சீமெந்தும் போட்டா கட்டினவங்க, அண்ணே?" என்று கேட்பான். நல்ல சீமெந்து என்பார் இவர். ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர் ஒன்றைத் தவறாமல் சொன்னார். நடு அறையில மட்டும் மிதிக்க வேணாம். ஏன் என்று கேட்பார்கள். ஒருநாள் தரை பழசு என்றார், ஒருநாள் பாம்பு என்றார்.

போன கிழமை தோணி நிறைய ஆட்கள் இருக்கும்போது றமீஸ் அதைப் பிடித்துக்கொண்டான்.

"நேத்து பாம்பு, இண்டைக்குத் தரை பழசு. உள்ளுக்க என்னத்த வச்சிரிக்கீங்க அண்ணே, ஒல்லாந்தன்ட பவுனா?"

தோணியே சிரித்தது. அவரும் கூடச் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு எஞ்சினைப் பார்த்தார். யார் யார் தோணியில் இருந்தார்கள், யார் எந்தத் தேத்தண்ணிக் கடையில் போய் என்ன சொன்னார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. தரையை உடைக்க அலவாங்கோடு வந்தவர்கள் மற்ற அறைகளைத் தொடவே இல்லை. நேராக நடு அறைக்குப் போயிருந்தார்கள்.

பொலிஸ் பதினொரு மணிக்கு வந்தது. அதிகாரியான பெரியவர் சிங்களத்தில் கேட்டார், ஒரு கொன்ஸ்தாபிள் தமிழாக்கினார். மண்ணுக்குள்ளிருந்து எலும்பு வந்தால் அந்தக் காலத்தில் ஒரே கேள்விதான், கொன்றது யார். அதைத்தான் முதலில் கேட்டார்கள். அருமைநாயகம் நடந்ததைச் சொன்னார். வீடு என்று எப்படித் தெரியும் என்றார்கள். படியைக் காட்டினார். படியில் உளிக் காயம்தான் இருந்தது.

"ஆர் கொத்தினது?"

"நான்தான் சேர்."

பெரியவர் குனிந்து படியைப் பார்த்தார். பிறகு தொலைபேசியில் யாரிடமோ விசாரித்துவிட்டுச் சொன்னார்: வீடு இவருடையதாகவே இருக்கட்டும். ஆனால் இவருடைய பிள்ளை காணாமற்போனதாக இவரே கையெழுத்து வைத்த பதிவு இருக்கிறது. அது பொய்யா, இது பொய்யா? துணியை அடையாளம் காட்ட ஆள் வேண்டும். மனைவி இருக்கிறாரா?

இருக்கிறார் என்றார் அருமைநாயகம். அவளுக்குத் தெரிய வேண்டாம், தன்னை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோங்கள் என்றும் சொன்னார். கொன்ஸ்தாபிள் அந்த இரண்டாவதைச் சிங்களத்தில் சொல்லவில்லை. ஜீப்பை அனுப்பினார்கள்.

மங்கையற்கரசி ஆறு வருசத்துக்குப் பிறகு அந்த மணலில் கால் வைத்தாள். நொண்டிக்கொண்டு வந்து குழியருகே இருந்தாள். கொன்ஸ்தாபிள் மூடியிருந்த சேட்டை விலக்கினார். அவள் துணியின் ஒரு ஓரத்தை விரலால் தேய்த்தாள். கறுப்பு உதிர்ந்து உள்ளே பச்சை தெரிந்தது.

"இந்தச் சீலை தண்ணியோட போயிட்டு எண்டு நினைச்சன்" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, துணியிடம் சொன்னாள். பிறகு, "தோடு எங்க?"

"போட்டபடிதான் வச்சன், புள்ள."

கொன்ஸ்தாபிள் மணலைக் கையால் அளைந்து பார்த்தார். தோடு இல்லை. அப்படியென்றால் இந்தக் குழியிலிருந்து பவுன் வந்ததுதான் என்று பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

மங்கையற்கரசி அருமைநாயகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டுவாள், மண்ணை அள்ளி எறிவாள் என்றும் எதிர்பார்த்தார்.

"வாழைச்சேனைக்கும் வந்தீங்க. பனிச்சங்கேணிக்கும் வந்தீங்க. வவுனியாவில ரெண்டு நாள் வெயிலுக்க படத்தப் பிடிச்சிக்கிட்டு நிண்டீங்க."

"சொல்லத்தான் இருந்தனான்."

"எப்ப?"

றமீஸ் கொஞ்சம் தள்ளித் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் பகிடிக்குத்தான் கேட்டன் அண்ணே என்று இரண்டு தரம் சொன்னான். இரண்டு தரமும் யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸில் மங்கையற்கரசி செட்டிபாளையத்திலிருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். படத்தை எடுத்துக்கொண்டு போனாள். பத்தரைக்கு நீதவான் தாழைமுனைக்கு வந்தார். எலும்புகளையும் துணியையும் ஒரு மட்டைப் பெட்டியில் வைத்து, இலக்கம் எழுதி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அடக்கம் செய்ய எப்போது தருவீர்கள் என்று அருமைநாயகம் கேட்டார். அறிவிப்போம் என்றார்கள். அவருடைய தரையைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி இரண்டு பொலிஸ்காரரைக் காவலுக்கு விட்டார்கள். பதினொன்றரைபோல வாவிக் கரையால் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சிலரிடம் அலவாங்கு இருந்தது. இரண்டு தோடு ஊருக்குள் போகும்போது ஒரு பெட்டி பவுனாகிவிட்டிருந்தது. தாழைமுனையில் இன்னும் முப்பத்தெட்டுத் தரைகள் கிடந்தன. பொலிஸ்காரர்களுக்கு நாடாவுக்குள் மட்டும்தான் காவல். அருமைநாயகம் ஒவ்வொரு தரையாகப் போய், இது புஸ்பம் வீடு, இது அன்னப்பூரணியக்கா வீடு என்று சொன்னார். ஒல்லாந்தர் இல்லை, சுனாமிக்கு முதல் ஆட்கள் இருந்த வீடு என்று சொன்னார். ஒருவர் மட்டும் வேலையை நிறுத்திக் கேட்டுவிட்டு, அப்ப இதில நடு அறை எது என்று கேட்டார். பொழுதுபடுவதற்குள் ஒன்பது வீடுகளின் நடு அறை உடைக்கப்பட்டிருந்தது. எதிலும் ஒன்றும் இருக்கவில்லை.