எல்லாப் பக்கத்துக்கும் ஒரே பொத்தான்

வாலு ஜாவா மொழியில் கணினி நிரல் எழுத உட்கார்ந்தால் விசைப்பலகையில் புகை வரும். பக்கத்து மேசைக்காரர்கள் அதில் டீ சூடாக்கிக்கொள்வார்கள். ஒரு மருத்துவமனைக்கு இணையச் செயலி எழுதுவது அவள் வேலை. அதே மருத்துவமனையில் நர்ஸாக இருப்பவள் அவளுடைய அக்கா. இருவரும் ஒரே வீட்டில் ஒரே சீப்புக்குச் சண்டை போட்டு வாழ்கிறவர்கள்.

அன்று அக்கா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, மூஞ்சி இப்படித் தொங்குது?"

"நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு நான் எழுதவே இல்லையாம். நல்லவேளை, அவரே வாயைத் திறந்து சொல்லிட்டார். எழுதாம பொய் சொல்றியான்னு ஹெட் நர்ஸ் எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்கடி. வார்டை விட்டே மாத்தப்போறாங்களாம்."

"நீ எழுதினியா?"

"நீயுமா கேக்கற?"

வாலு மடிக்கணினியில் அந்தச் செயலியின் சோதனைப் பிரதியைத் திறந்து அக்காவையே எழுதச் சொன்னாள். அக்கா எழுதி, 'சேமி' பொத்தானை அழுத்தினாள். 'சேமிக்கப்பட்டது' என்று பச்சையாக வந்தது. மறுபடி திறந்தால் பக்கம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

வாலு பொத்தானின் நிரலைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால், அங்கே எழுதுவதை வாங்கி வைத்துக்கொள்ள, செயலிக்குள் ஓர் ஆள் மாதிரி, ஓர் ஆப்ஜெக்ட் உண்டு. பொத்தானோ எல்லாப் பக்கங்களுக்கும் பொது. அதன் நிரலில், அவசரத்தில், நோயாளிப் பதிவுப் பக்கத்து ஆப்ஜெக்டின் பெயரையே எழுதித் தொலைத்திருந்தாள். அக்கா எழுதும் மருந்துப் பக்கத்தில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் ஆளில்லை. ஆளில்லை என்று சொல்லித் தொலைக்கவும் செயலிக்குத் தெரியாது. அதே பெயரில் புதிதாக ஒருவனை, வெறுங்கையோடு, உண்டாக்கிக் கொடுத்துவிடும். பொத்தான் அவனைச் சேமித்துவிட்டு நிம்மதியாகிவிட்டது.

"அக்கா... தப்பு என்மேலதான்." நடந்ததை அப்படியே விளக்கினாள்.

"அடிப்பாவி! அப்போ நான் எழுதினதை வாங்கி வெச்சிருந்தவன்?"

"அவனை யாருமே கேக்கல. நின்னு பாத்துட்டுப் போயிட்டான், பாவம்."

"அவன் பாவமா? நான் பாவமாடி?"

இனிப் பொது நிரல் யாரையும் பெயர் சொல்லித் தேடாது. ஒவ்வொரு பக்கமும் தன் ஆப்ஜெக்டைத் தானே அதன் கையில் கொடுக்கும். அப்படி மாற்றினாள். அக்கா மறுபடி எழுதினாள். எழுதியது எழுதியபடி இருந்தது.

அலுவலகத்தில் சொல்லித் திருத்தத்தை ஏற்றிவிட்டு, நேரே ஹெட் நர்ஸ் முன்னால் போய் நின்றாள் வாலு. எல்லார் முன்னாலும் கேட்டதற்கு எல்லார் முன்னாலும்தான் பதில் சொல்வேன் என்று அடம்பிடித்து, நர்ஸ்களைக் கூட்டிவைத்து, தப்பு தன் நிரலில்தான் என்று சொன்னாள்.

ஹெட் நர்ஸ் அக்காவைப் பார்த்தார். "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா. நீ இந்த வார்டுலயே இரு."

வராந்தாவுக்கு வந்ததும் அக்கா தங்கையின் காதைப் பிடித்துத் திருகினாள்.

"வலிக்குதுக்கா!"

"வலிக்கட்டும்."

காதை விட்ட கை, தலையை விட்டு வெகுநேரம் இறங்கவில்லை.